எஞ்சின் ரூமுக்கு ஓர் ஆள்

அவரை லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னால் போதும். ஊரில் பலருக்கு அவரை அப்படித்தான் தெரியும், அதுவும் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும்போது மட்டும். நாள் முழுக்க மற்றவர்களை மேலே ஏற்றிவிடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர் குடியிருந்ததென்னவோ தரைத்தளத்தில். வேலைக்குப் போகிற கட்டடங்களிலும் கூடுமானவரை படியேறித்தான் போவார். யாராவது கேட்டால், "அது எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியுமே" என்பார். கேட்டவர் அதற்கப்புறம் லிஃப்டில் ஏறுவதற்குக் கொஞ்சம் தயங்குவார்.

கல்யாணம் அவருக்குத் தாமதமாக வாய்த்தது. பெண் பார்த்துப் பார்த்து அக்கா சலித்துப்போய், அதனால் இவருக்கும் ஒரு நிம்மதி கிடைத்திருந்த காலம். ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கண்ணாடிக்கடை இருந்தது. அங்கே கண் பரிசோதிக்கிற பெண்மணி, லிஃப்ட் ஓயாமல் கிறீச்சிடுகிறது என்று புகார் சொல்ல வெளியே வந்தார். இவர் ஒரு சின்னத் திருகாணியைக் கையை நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, ஜோசியம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்டை அப்புறம் பாருங்க. முதல்ல உங்க கண்ணைப் பாக்கணும்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. கைதான் நீளம் பத்தல."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் முதலில் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டார். கொஞ்ச காலம் கழித்து அந்தப் பெண்மணியையே கல்யாணமும் செய்துகொண்டார். அந்தப் பெண்மணிக்கு முதல் கல்யாணம் முறிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு மகள் இருந்தாள்.

அந்த மகள்தான் இந்தக் கதை.

இப்படி வருகிற புது அப்பாக்களுக்கு எல்லோரும் சொல்கிற எச்சரிக்கைகள் அவருக்கும் சொல்லப்பட்டன. பெண் முறைப்பாள், கதவைச் சாத்துவாள், தட்டைத் தள்ளிவிட்டுப் போவாள். அதற்கெல்லாம் அவர் தயாராகத்தான் வந்தார். அவளோ எதையும் செய்யவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அவள் மரியாதையாக இருந்தாள். அவர் ஹாலுக்குள் வந்தால் சோபாவில் நகர்ந்து இடம் கொடுப்பாள். டிவி ரிமோட்டை அவர் பக்கம் தள்ளிவைப்பாள். அவர் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கிடைக்கிற மரியாதை எல்லாம் அவருக்குத் தட்டாமல் கிடைத்தது.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்ற சிக்கலை அவள் கூப்பிடாமலே இருந்து தீர்த்திருந்தாள். "சாப்பாடு ஆறுது." "ஃபோன் அடிக்குது." "வாசல்ல யாரோ வந்திருக்காங்க." எல்லாம் பொது அறிவிப்புகள். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி சொல்வதுபோல. உரியவர் கேட்டுக்கொள்ள வேண்டியது. அவரும் "சரிம்மா" என்று கேட்டுக்கொள்வார். ஒருவர் மனதை ஒருவர் புண்படுத்தக் கூடாது என்று இருவரும் அவ்வளவு கவனமாக இருந்ததில், அவர்களுக்கு நடுவே ஒரு ஆள் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம் போல இடம் விழுந்திருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் வாய் நீளும்: கம்ப்யூட்டரில் விளையாடும்போது. அது ஒரு சரக்குக் கப்பல் விளையாட்டு. இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் மேலே சுக்கான் பிடித்துக் கப்பலை ஓட்டுவார். இன்னொருத்தர் கீழே எஞ்சின் ரூமில் இருப்பார். கீழே இருப்பவருக்குக் கடல் தெரியாது. மேலே இருப்பவர் ஹெட்ஃபோனில் சொல்வதைக் கேட்டு வேகத்தைக் கூட்டி, குறைத்து, ஓட்டை விழுந்தால் அடைத்து, புகை வந்தால் அணைக்க வேண்டும். அவள் எப்போதும் கேப்டன். எஞ்சின் ரூமில் அவளுடைய பள்ளித் தோழி. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏய் லூசு, முழு வேகம்னு சொன்னா முழு வேகம்தான்! உனக்கு என்ன அங்க யோசனை?" என்று சத்தம் வரும். ஹாலில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக், அந்த 'லூசு' என்கிற வார்த்தையை ஒருவிதப் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கையில் தோழிக்கு ஒரு காதலன் வந்துசேர்ந்தான். எஞ்சின் ரூம் காலியானது.

சாப்பாட்டு மேஜையில் ஒரு மாலை, அந்தப் பெண் தண்ணீர் ஜாடியைப் பார்த்துச் சொன்னாள்: "எஞ்சின் ரூமுக்கு ஆள் இல்ல."

ஜாடி பதில் சொல்லவில்லை. அம்மா, "படிக்கிற வேலையப் பாரு" என்றாள்.

"மெஷின் வேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நல்லா இருக்கும்." இதுவும் ஜாடிக்குத்தான். பிறகு, மூக்கு நுனி சிவக்க, "வேணும்னா வரலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மெக்கானிக் வாயில் போட்டதை மெல்லவும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்களத்தாங்க கூப்பிடுறா" என்றாள் மனைவி.

"தெரியுது."

"தெரிஞ்சா சரி. அவ ரெண்டாம் தடவ கேக்குற ஜாதி இல்ல. சின்ன வயசுல ஒரு தடவ பொம்மை கேட்டா, நான் அப்புறம் பாக்கலாம்னேன். அதோட சரி. இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட அவ எதுவும் கேட்டதில்ல."

அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். 

பழைய லேப்டாப் ஒன்று அலமாரியில் இருந்தது. அதைத் துடைத்து, விளையாட்டை இறக்கி, பெயர் கேட்ட இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் முழித்து, கடைசியில் மனைவி சொன்ன 'ஸ்பேனர்' என்ற பெயரைப் போட்டு, மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். காதில் ஹெட்ஃபோன். சட்டையைக்கூட மாற்றவில்லை, எஞ்சின் ரூமுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

கப்பல் கிளம்பியது. "கால் வேகம்" என்று அவள் குரல் காதுக்குள் கேட்டது. இத்தனை பக்கத்தில் அவள் குரலை அவர் கேட்டதே இல்லை. நெம்புகோலைத் தள்ளினார். "இப்ப அரை வேக..." என்றாள். அவ்வளவுதான். திரை கறுத்தது. 'கப்பலுடன் இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று ஓர் அறிவிப்பு வந்து நின்றது.

மூடிய கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் சத்தமில்லை.

"போயிடுச்சும்மா" என்றார் சற்று உரக்க.

"பரவால்ல."

மறுபடி ஏறினார். மறுபடி போயிற்று. "நீங்க கப்பல் ஆரம்பிங்க, நான் ஏறுறேன்" என்றாள். ஆரம்பித்தார். அவள் ஏறினாள். இந்தத் தடவை தூக்கி எறியப்பட்டது அவள்.

"பரவால்ல" என்றாள் இப்போதும். ஆனால் அந்தப் 'பரவால்ல'வில் கொஞ்சம் குளிர் ஏறியிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டில், கப்பலை ஆரம்பித்தவர் பிடிக்காத ஆளை ஒரு பொத்தானை அழுத்திக் கப்பலிலிருந்து இறக்கிவிடலாம். அப்படி இறக்கிவிட்டாலும் திரையில் வருவது ஏறக்குறைய இதே அறிவிப்புதான். மெக்கானிக் அதைத் தெரிந்துவைத்திருந்தார். கூப்பிட்டுவிட்டோமே என்று பின்னால் வருத்தப்படுகிறாள் போலிருக்கிறது, பாவம், நேரில் சொல்ல முடியாமல் பொத்தானை அழுத்துகிறாள் என்று ஒரு ஓரமாக நினைத்தார். பெண்ணுக்கும் அது தெரியும். ஒத்துக்கொண்டுவிட்டோமே என்று இவர் சங்கடப்படுகிறார், மரியாதைக்காக வந்துவிட்டு நழுவுகிறார் என்று அவள் நினைத்தாள். இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லையே.

அவர் கோளாறு தேடக் கிளம்பினார். தொழில் புத்தி. ரவுட்டரை அணைத்துப் போட்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். ஜன்னலோரம், சமையலறை, துணி காயப்போடுகிற இடம் என்று எல்லா இடத்திலும் நின்று பார்த்தார். வைஃபையில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, லிஃப்ட் வேலைக்கு வைத்திருந்த மிச்சக் கேபிளில் ஒரு நீலக் கேபிளைக் கொண்டுவந்து ரவுட்டரிலிருந்து மேஜை வரை தரையோடு இழுத்தார். மனைவி கையில் துணிக் கூடையோடு வந்து அதில் தடுக்கினாள்.

"ஏங்க, இது வீடா, இல்ல உங்க லிஃப்ட் குழியா?"

"ஒரு நாலு நாளைக்குப் பொறுத்துக்கோ."

"பக்கத்துப் பக்கத்து ரூம்ல உக்காந்துட்டு கடல்ல போய்ப் பாத்துக்கறீங்களாக்கும். நேர்ல பேசினா முத்து உதிர்ந்துடுமா?"

கேபிளாலும் பயனில்லை. இணைய நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒரு இளம்பெண் குரல், பாடம் ஒப்பிப்பதுபோல, "சார், ரவுட்டரை ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றது.

அவர் முகம் மாறியது. லிஃப்ட் நின்றுவிட்டது என்று வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் அவர் சொல்கிற முதல் வாக்கியம் அது. அதை யாரும் தனக்கே திருப்பிச் சொல்லி அவர் கேட்டதில்லை. எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"பண்ணிட்டேன்மா. பல தடவ."

"நெட் வேகம் நல்லா காட்டுதே சார். நீங்க யார்கூட விளையாடுறீங்க? வெளிநாட்ல இருக்காங்களா?"

"இல்ல. அடுத்த ரூம்ல."



"அடுத்த ரூம்னா... கதவைத் தட்டிப் பாத்தீங்களா சார்?"

"அது கொஞ்சம் கஷ்டம்மா" என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

அதற்கப்புறம் செய்ததுதான் பெரிய தப்பு. லேப்டாப்பில் கோளாறா, வீட்டு இணைப்பில் கோளாறா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? ஒரு அந்நியருடைய கப்பலில் ஏறிப் பார்த்தார். எந்தத் தேசத்து ஆளோ, என்ன பாஷையோ, உறுமிக்கொண்டே கப்பல் ஓட்டுகிற ஒரு கேப்டன். கப்பல் அலுங்காமல் போனது. இணைப்பு அறுபடவே இல்லை. அவர் பரிசோதனையை முழுசாகச் செய்கிற ஆள்; சரக்கை இறக்கி, திரும்பி, நங்கூரம் போடும் வரை இருந்தார். லேப்டாப்பில் குறையில்லை என்று மனதில் குறித்துக்கொண்டார்.

அவர் மனதில் குறித்துக்கொண்டிருந்த நேரத்தில், அடுத்த அறையில் அந்தப் பெண்ணின் திரையோரம் ஒரு சின்ன வரி பச்சையில் மின்னிக்கொண்டிருந்தது: 'ஸ்பேனர், பயணத்தில்.' அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். போனது, வந்தது, நங்கூரம் போட்டது வரை பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், அம்மாவிடம், வெங்காயம் உரிக்கவா என்று கேட்டாள். அம்மாவுக்கு அதிலேயே பாதி புரிந்துவிட்டது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அவருக்கு என்கூட விளையாடுனா மட்டும்தான் கனெக்‌ஷன் போகுது போல."

மனைவி இதை அப்படியே கொண்டுவந்து மெக்கானிக்கிடம் இறக்கினாள். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கேட்டார். பிறகு மெதுவாகக் கழற்றினார்.

"நான் செக் பண்ணத்தான் போனேன்."

"அது எனக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியணுமே."

"போய்ச் சொல்லவா?"

"என்னன்னு சொல்லுவீங்க? கோளாறு என்னன்னு உங்களுக்கே தெரியல. சும்மா போய் நின்னா சமாதானம் பேச வந்த மாதிரி இருக்கும். சரிங்கன்னு சொல்லிக் கதவச் சாத்திப்பா."

அது உண்மை.  ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். எத்தனை நாள் யோசித்து, ஜாடியிடம் எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக் கூப்பிட்டாளோ. இப்போது அந்த வாசலும் அடைபட்டால், அப்புறம் அவள் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போதுதான் இந்தப் பக்கம் திரும்புவாள், அப்போதும் மரியாதையாக.

"அவ கம்ப்யூட்டர்ல வேற ஆளோட விளையாடுனா நல்லா ஓடுது" என்றார், யாரிடமும் இல்லாமல். "என் லேப்டாப்புலயும் வேற ஆளோட நல்லா ஓடுது. ரெண்டும் சேர்ந்தா மட்டும்தான் போகுது."

மனைவி வெங்காயத் தோலைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "எங்க கடைக்கும் அப்படி ஆளுங்க வருவாங்க. வலது கண்ணை மூடினா நல்லா தெரியுது, இடது கண்ணை மூடினாலும் நல்லா தெரியுது, ரெண்டையும் தொறந்தா எல்லாம் ரெட்டையா தெரியுதும்பாங்க. லென்ஸை மாத்தி மாத்திப் போட்டுப் பிரயோஜனமே இல்ல. கண்ணு ரெண்டுலயும் கோளாறு இருக்காது. ரெண்டையும் சேத்துப் பிடிக்கிற இடத்துலதான் இருக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மூலையில் அப்பாவிபோல விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்த ரவுட்டரைப் பார்த்தார். அணைத்துப் போட்டாரே தவிர, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரியும். ஏனென்றால் அதைச் செய்து வைத்தவரே அவர்தான்.

அந்த நினைப்பில் அவர் அப்படியே நின்றார்.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில், சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண், தோழியோடு ஓட்டுகிற கப்பல் அடிக்கடி அறுந்துபோகிறது என்று அழாத குறையாகப் புலம்பியது காதில் விழுந்தது. என்ன செய்தாவது அவளுக்கு ஒரு நல்லது பண்ண வேண்டும், ஆனால் பண்ணியது தெரியக் கூடாது என்று அப்போது அவருக்கு ஒரு வெறி. லிஃப்டுகளில் கேமரா மாட்டுகிற ஒரு நண்பரிடம் கேட்டார். நண்பர் சொன்னபடி ஒரு மாலை வீட்டில் யாரும் இல்லாதபோது செய்து முடித்தார். வெளியிலிருந்து விளையாட்டுக்கு வருகிற தகவலெல்லாம் ரவுட்டரில் ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். அந்த வாசலை நிரந்தரமாக அவள் கம்ப்யூட்டருக்கே எழுதிவைத்தார். வீட்டில் உள்ள மற்றக் கருவிகள் தாங்களாகக் கேட்டு வாசல் திறந்துகொள்கிற வசதியை, பாதுகாப்புக்காக, மூடியும் வைத்தார். அன்றிலிருந்து அவள் கப்பல் அறுபடவில்லை. இவர் இரண்டு நாள் காரணமில்லாமல் விசில் அடித்துக்கொண்டு திரிந்தார். பிறகு மறந்தும் போனார்.

கோளாறு தேடுகிறவன் ஊரையெல்லாம் தேடுவான். தான் செய்த நல்ல காரியங்களுக்குள் மட்டும் தேட மாட்டான். மூன்றாம் மனிதருடைய கப்பலில் இருக்கும்வரை அவர் எப்படியோ சுற்றுவழியில் சமாளித்துக்கொண்டார். அவளோடு சேர்ந்து ஒரே கப்பலில் ஏறினால், இருவருக்குமான தகவல் எல்லாம் அந்த ஒரே வாசலில் முட்டியது. அவருக்கு வந்ததும் அவள் அறை வாசலில் போய் விழுந்தது. வீட்டுக்குள் வரும் வழியை முழுக்க அவளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, தன்னை ஏன் உள்ளே விடவில்லை என்று வெளியே நின்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சத்தமில்லாமல் அழித்துவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் அழித்தால் அவள் விளையாட்டு பழையபடி கெட்டுப்போகுமோ என்றும் பயம். இரண்டு கருவியையும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்க்காமல் தெரியாது. போய்க் கதவைத் தட்டினார். இதுவரை அவர் அந்தக் கதவைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் தட்டியிருந்தார்.

"சாப்பாடு வேணாம், பசியில்ல" என்றது உள்ளிருந்து குரல்.

"சாப்பாடு இல்லம்மா. கோளாறு தெரிஞ்சுபோச்சு. நான்தான்."

கதவு கொஞ்சம் திறந்தது. அவள் முகத்தில் மரியாதைக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியவில்லை. அவர் சொல்லத் தொடங்கினார். வாசல், வழி, எழுதிவைத்தது, மூடிவைத்தது என்று முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னார். நடுவில் ஒரு லிஃப்டையும் உதாரணத்துக்கு இழுத்து, அது பாதியில் நின்றுவிட, அதை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வந்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஒரு நிமிஷம். என் கேம் திடீர்னு நல்லா ஆச்சே, அந்தச் சமயமா?"

"ஆமா."

"அது நீங்களா?"

"ம்."

"நான் நெட் கம்பெனிக்காரங்க சரி பண்ணாங்கன்னு நினைச்சேன். அவங்களப் பாராட்டி எழுதி நாலு ஸ்டார் குடுத்தேன்!"

"அஞ்சே குடுத்திருக்கலாம்" என்றார் அவர், வாய் தவறி.

அவள் உதட்டோரம் ஒரு கணம் துடித்து அடங்கியது. "ஏன் சொல்லல?"

அவர் கதவு நிலையில் இருந்த பெயிண்ட் பொருக்கை நகத்தால் சுரண்டினார். "வந்த புதுசு. சொன்னா, நல்ல பேர் வாங்கப் பண்ண மாதிரி இருக்கும்னு..."

"அதுக்கு இத்தன வருஷமா அந்தக் கம்பெனிக்காரன் நல்ல பேர் வாங்கிட்டு இருக்கான்."

"ஆமா. அவன் கொடுத்து வச்சவன்."

 பிறகு அவள், அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "நான் உங்கள இறக்கிவிடல. பட்டனை அழுத்தவே இல்ல" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா."

"தெரியாது. நீங்க அப்படித்தான் நினைச்சீங்க. ஹால்ல உங்க மூஞ்சியப் பாத்தேன்."

பொய் சொல்ல அவருக்கு வராது. "கொஞ்சம் நினைச்சேன்" என்றார். "அந்த இன்னொரு கப்பல்ல நான் செக் பண்ணத்தான்..."

"நானும் கொஞ்சம் நினைச்சேன்" என்றாள் அவள் வேகமாக. "சரி விடுங்க. வாங்க, அத அழிக்கலாம்."

ரவுட்டரின் செட்டிங்ஸ் அவள் கம்ப்யூட்டரில் திறந்தது. பாஸ்வேர்டை அவர் சொல்ல, அவள் அடித்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் பின்னால், எதையும் தொட்டுவிடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவளுடைய கம்ப்யூட்டருக்கு எழுதிவைத்த அந்த வரி அங்கேயே இருந்தது. அம்பு அதன்மேல் போய் நின்றது. அவள் அழுத்தவில்லை.

"இது இல்லேன்னா என்னோடது பழையபடி கட்டாகுமா?"

"ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம். எல்லாருக்கும் தானா திறக்கிற அந்த வசதியத் திரும்பப் போட்டா, என்னோடது ஒரு வழி கேட்டுக்கும், உன்னோடது ஒரு வழி கேட்டுக்கும். சரியா வரணும். வரலேன்னா பழையபடியே உனக்கே எழுதிடலாம்."

"அப்ப நீங்க?"

"நான் பேப்பர் படிப்பேன்."

அவள் திரும்பி ஒரு தடவை அவரைப் பார்த்தாள். பிறகு அந்த வரியை அழித்தாள். ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வரும்வரை இருவரும் ஹாலில் போய் அதன் முன்னால் நின்றார்கள். பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்கள்போல இருந்தது என்று மனைவி பின்னால் சொன்னாள்.

கப்பல் கிளம்பியது. "கால் வேகம்." தள்ளினார். "அரை வேகம்." தள்ளினார். முன்பு அறுந்த இடம் வந்தது. தாண்டியும் போயிற்று. துறைமுகம் பின்னால் மறைந்துவிட்டதாக அவள் சொன்னாள். அவருக்கு எஞ்சினும் நாலு குழாயும்தான் தெரிந்தன. "இடப்பக்கம் மழை வருது." "ஒரு திமிங்கலம் தெரியுது, பெருசு." ஹெட்ஃபோனில் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பார்க்காத கடலெல்லாம் அவருக்குத் தெரிந்தது.

"முன்னால பாறைங்க இருக்கு. முழு வேகம் குடுங்க, நடுவுல நுழைஞ்சுடலாம்."

முழு வேகம் கொடுத்தார். எஞ்சினின் ஒரு மூலையிலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. வாழ்நாள் முழுக்க அவர் எந்தச் சத்தத்தைத் தேடி அலைந்தாரோ, அசல் அதே சத்தம். ஆளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற எந்த இயந்திரத்திலும் அந்தச் சத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். மூளையைக் கேட்காமலே கை செய்துவிட்டது. எஞ்சினை நிறுத்தினார்.

கப்பல் தன் போக்கில் மிதந்து, ஆற அமரப் பாறையில் போய் உட்கார்ந்தது.

ஹெட்ஃபோனுக்கு அவசியமே இல்லாமல், சுவர், கதவு எல்லாவற்றையும் தாண்டிக் குரல் வந்தது:

"அய்யோ! யாராவது பாறைக்கு நடுவுல எஞ்சின நிறுத்துவாங்களா? அறிவிருக்கா உங்களுக்கு?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். 

"சத்தம் வந்துச்சும்மா" என்றார் அவர்.

"கப்பல்னா சத்தம் வரும்! லிஃப்டா இது?"

"லிஃப்டா இருந்தா இந்நேரம் எல்லாரையும் பத்திரமா இறக்கியிருப்பேன்."

"நடுக்கடல்ல எங்க இறக்குவீங்க? தண்ணியிலயா? முழு வேகம்னா முழு வேகம். உங்களுக்கு என்ன அங்க யோசனை?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "திட்டுறா?"

"ம்."

"அதுக்கு ஏன் இப்படிப் பல்லக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்க?"

  அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை என்பது கண்ணாடிக்கடைக்காரிக்குத் தெரியாதா. அவள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

"ஓட்டைய அடைங்க, தண்ணி ஏறுது!" என்று அறைக்குள்ளிருந்து அவசரம். அடைத்தார். "பின்னால எடுங்க. மெதுவா. இன்னும் மெதுவா. ஆங், விட்டுடுச்சு." கப்பல் பாறையிலிருந்து உருவிக்கொண்டு ஆழத்துக்கு வந்தது. முக்கால்வாசி சரக்கு கடலில் போயிருந்தது. மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று கேப்டன் முடிவெடுத்தாள்.

"இப்ப முழு வேகம். எது கேட்டாலும் நிறுத்தக் கூடாது. புரியுதா?"

"புரியுது."

முழு வேகம் கொடுத்தார். கிறீச்சென்று அதே மூலையிலிருந்து அதே சத்தம். அவர் கைகள் இரண்டையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டார்.